ஜார்ஜிய வரலாறும் பண்பாடும் அயல்நாடுகளுக்கு அறிமுகமான வழிகள்: மொழிபெயர்ப்பு, பாதுகாப்பு, பன்னாட்டு ஏற்பு

ஆய்வுச்சுருக்கம்

காக்கசஸ் மலைத்தொடரின் தென்புறத்தில் அமைந்த ஜார்ஜியா, தனித்த மொழிக்குடும்பமும் தனக்கெனத் தோன்றிய எழுத்துமுறையும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கால இலக்கிய மரபும் கொண்ட நாடு. எனினும் அண்டைப் பேரரசுகளின் பெயராலேயே அது நெடுங்காலம் உலகினரால் அறியப்பட்டது. ஜார்ஜிய வரலாறும் பண்பாடும் பிற நாட்டினருக்கு எவ்வழிகளில் அறிமுகமாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மடாலய மொழிபெயர்ப்பு, உரோம் நகரின் அச்சுநூல், புரோசேயின் வரலாற்றுப் பதிப்பு, வார்ட்ராப் உடன்பிறப்புகளின் பணி, சோவியத் கால விழாக்கள், புலம்பெயர்ந்தோரின் இதழியல், யுனெஸ்கோ ஏற்பு ஆகியன காலவரிசையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூலமொழியைக் கற்றவர்களும் மூலச்சான்றுகளைக் காத்தவர்களும் அமைத்த அடித்தளத்தின்மீதே பிற்கால அரசு, நிறுவன முயற்சிகள் நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஜார்ஜியா, ருஸ்தவேலி, மார்ஜரி வார்ட்ராப், தக்காய்ஷ்விலி, மொழிபெயர்ப்பு, புலம்பெயர்வு, யுனெஸ்கோ.

முன்னுரை

ஒரு நாட்டைப் பிறருக்கு அறிமுகம் செய்யும் பணி அதன் பெயரிலிருந்து தொடங்குகிறது. ஜார்ஜியர் தம் நாட்டைச் 'சகார்த்வெலோ' என்றும் தம்மைக் 'கார்த்வெலி' என்றும் குறிப்பிடுகின்றனர். 'ஜார்ஜியா' என்பது பிறர் இட்ட பெயர். உருசிய மொழியில் அந்நாடு 'குருசியா' எனப்படுகிறது. உருசிய வழக்கை ஒட்டிய பெயரைக் கைவிடுமாறு ஜார்ஜிய அரசு விடுத்த வேண்டுகோளை ஏற்று, ஜப்பான் 2015ஆம் ஆண்டு தன் அலுவல் வழக்கில் அப்பெயரை மாற்றிக்கொண்டது. தமிழிலும் ஜார்ஜியா, ஜோர்ஜியா, சியார்சியா என மூவகை எழுத்துமுறைகள் வழங்குகின்றன. அமெரிக்க ஒன்றியத்தின் மாநிலம் ஒன்றும் இப்பெயரையே கொண்டிருப்பதால் குழப்பம் மிகுகிறது.

பெயரில் உள்ள இச்சிக்கல் ஆழமான வேறொரு சிக்கலின் வெளிப்பாடாகும். உரோமர், பாரசீகர், பைசாந்தியர், அரபியர், மங்கோலியர், உதுமானியர், உருசியர் எனப் பேரரசுகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் வாழ்ந்த ஒரு சிறிய மக்களினம் இது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் பேசும் மொழி, பெரிய மொழிகளின் நிழலில் மறைந்துபோக எல்லா வாய்ப்புகளும் இருந்தன. ஆகவே வெளியுலகிற்குத் தம்மை அறிவித்தல் என்பது ஜார்ஜியர்க்குப் பெருமை சார்ந்த செயலாக அன்றி, நிலைபேறு சார்ந்த தேவையாகவே அமைந்தது. அத்தேவையை நிறைவேற்றியவர்கள் யாவர், அவர்கள் கையாண்ட வழிகள் யாவை, அவ்வழிகளின் எல்லைகள் எவை என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

மொழியும் எழுத்தும்

ஜார்ஜிய மொழி கார்த்வெலியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிங்ரேலியம், லாஸ், சுவான் ஆகியன அதன் உறவுமொழிகள். இக்குடும்பம் இந்தோ-ஐரோப்பிய, துருக்கிய, செமித்திய மொழிகளுள் எதனோடும் உறவுடையதன்று. ஜார்ஜியத்தில் இலக்கணப் பால் இல்லை. அவன், அவள், அது என்னும் வேறுபாட்டை அம்மொழியின் படர்க்கைப் பெயர் காட்டுவதில்லை.

நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிரியன் மன்னர் காலத்தில் கிறித்தவம் அரசு சமயமாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜார்ஜியக் கல்வெட்டுகள் ஜார்ஜியாவின் போல்னிசி சியோனி ஆலயத்திலும், பெத்லகேமுக்கு அருகிலுள்ள மடாலய இடிபாடுகளிலும் கிடைத்துள்ளன. யாகோப் சுர்த்தவேலி எழுதிய 'சூஷானிக்கின் மறைசாட்சியம்' என்னும் ஐந்தாம் நூற்றாண்டு உரைநடை நூலே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய ஜார்ஜிய இலக்கியமாகும். அசோம்தவ்ருலி, நுஸ்குரி, ம்கெத்ருலி என எழுத்துமுறை மூன்று நிலைகளில் வளர்ந்தது. இன்று பொதுவழக்கில் உள்ள ம்கெத்ருலி 33 எழுத்துகளை உடையது. முன்னைய இரண்டும் திருச்சபை வழக்கில் இன்றும் பயில்கின்றன.

இம்மொழியின் தனித்தன்மை இருமுனைப்பட்டது. அது ஜார்ஜியரின் அடையாளத்தைக் காத்தது. அதே வேளையில், வெளியார் எளிதில் நுழைய முடியாத அரணாகவும் நின்றது. எனவே ஜார்ஜியப் பண்பாட்டின் வெளிநாட்டு அறிமுகம் என்பது அம்மொழியைக் கற்க முன்வந்த சிலரைச் சார்ந்தே அமைந்தது.

மடாலயங்கள்: கதை கடந்த வழி

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க நாட்டின் ஆத்தோஸ் மலையில் ஜார்ஜியத் துறவிகள் நிறுவிய இவிரோன் மடாலயம், மொழிபெயர்ப்பின் பெருங்கூடமாக விளங்கியது. எஃப்திமேயும் அவருக்குப் பின்வந்த கியோர்கியும் கிரேக்கச் சமய நூல்களை ஜார்ஜியத்திற்குக் கொணர்ந்தனர். எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒரு பெயர்ப்பு இந்திய வாசகர் அறியத்தக்கது.

புத்தரின் வாழ்க்கைக் கதை மேற்கு நோக்கிப் பயணம் செய்து அரபு மொழியில் வழங்கியது. அதனைக் கிறித்தவத் துறவியின் கதையாக உருமாற்றி 'பலவரியானி' என்னும் நூலை ஜார்ஜியர் படைத்தனர். ஜார்ஜிய வடிவத்திலிருந்து அது கிரேக்கத்திற்குச் சென்றது. இப்பணியை எஃப்திமேயோடு இணைத்துக் கூறுவர். கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் அக்கதை பரவியது. கதைத்தலைவனின் பெயரே இப்பயணத்திற்குச் சான்று பகர்கிறது. போதிசத்துவர் என்னும் சொல் அரபியில் 'புதாசஃப்' என்றாகி, அரபு எழுத்தின் புள்ளி மாற்றத்தால் முதலெழுத்து திரிந்து, ஜார்ஜியத்தில் 'இயோதாசப்' என்றும் இலத்தீனில் 'ஜோசபாத்' என்றும் ஆயிற்று. இடைக்கால ஐரோப்பா கிறித்தவப் புனிதராக வணங்கிய ஒருவர் சித்தார்த்தரே என்பதை விளக்க, ஜார்ஜிய வடிவம் இன்றியமையாத இணைப்பாக உள்ளது. 'பலவரியானி'யை டேவிட் மார்ஷல் லாங் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

உலக இலக்கியத்தின் போக்கில் ஜார்ஜியம் இவ்வாறு பங்கேற்றிருந்தும் அப்பங்கு நெடுங்காலம் அறியப்படவில்லை. கதை கடந்து சென்றது. கடத்தியவர் பெயர் பின்தங்கிவிட்டது.

உரோம் நகரின் அகராதி

ஜார்ஜிய எழுத்தில் அச்சான முதல் நூல் ஜார்ஜியாவில் அச்சாகவில்லை. 1629இல் உரோம் நகரில் வெளிவந்த ஜார்ஜிய-இத்தாலிய அகராதியே அது. ஸ்தெஃபானோ பவோலினி, நிகிஃபோர் இர்பாக் ஆகிய இருவரின் கூட்டுழைப்பில் அது உருவாயிற்று. இர்பாக் எனப்பட்டவர் நிக்கொலோஸ் சொலொகாஷ்விலி என்னும் ஜார்ஜியத் துறவி. முதலாம் தெய்முராஸ் மன்னரின் தூதர். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் தொடுத்த அழிவுப் போர்களுக்கு எதிராக ஐரோப்பிய அரசுகளின் துணையை நாடி அவர் அனுப்பப்பட்டார். அவர் நாடிச் சென்ற படையுதவி கிடைக்கவில்லை. ஆனால் அப்பயணத்தின் விளைவாக ஓர் அகராதி கிடைத்தது.

கத்தோலிக்கச் சமயப்பரப்பாளரின் தேவைக்காகவே அவ்வகராதி அச்சிடப்பட்டது என்பது உண்மை. எனினும் ஜார்ஜியச் சொற்களை ஐரோப்பியர் கண்ணுக்குக் காட்டிய முதல் அச்சுநூல் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. ஜார்ஜியாவிலேயே அச்சகம் அமைந்தது 1709இல், ஆறாம் வக்தாங்கின் முயற்சியால். ருஸ்தவேலியின் காப்பியம் 1712இல் அங்கு முதன்முதலாக அச்சேறியது.

புரோசேயும் வரலாற்று நூல்களும்

1783இல் கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கையால் கிழக்கு ஜார்ஜியா உருசியாவின் பாதுகாப்பை நாடியது. 1801இல் உருசியா அந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1811இல் ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியும் நீக்கப்பட்டது. அரசும் திருச்சபையும் தன்னுரிமை இழந்த அச்சூழலில், ஜார்ஜியாவுக்குத் தொன்மையான எழுதப்பட்ட வரலாறு உண்டு என்பதை ஐரோப்பிய அறிவுலகிற்கு நிறுவியவர் மாரி-ஃபெலிசிட்டே புரோசே (1802-1880) என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

பாரிசில் இருந்தவாறே ஜார்ஜியம் கற்ற புரோசே, 1837இல் சென்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று அங்குள்ள அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். 'கார்த்லிஸ் த்ஸ்கோவ்ரெபா' என்னும் ஜார்ஜிய வரலாற்றுத் தொகுப்பைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, விளக்கங்களுடன் 1849 முதல் 1858 வரையிலான காலத்தில் வெளியிட்டார். 1121இல் தித்கோரிப் போரில் வென்று மறு ஆண்டே திபிலிசியைத் தலைநகராக்கிய நான்காம் தாவீது, 1184 முதல் 1213 வரை ஆண்ட தமார் அரசி ஆகியோரின் காலத்தை ஜார்ஜிய மூலங்களின் வழியாக ஐரோப்பியர் அறிய முடிந்தது இப்பதிப்பினாலேயே. அவர்தம் மொழிபெயர்ப்பில் பிற்காலத்தார் திருத்தங்கள் பல செய்துள்ளனர். ஆயினும் ஜார்ஜியவியல் என்னும் துறை ஐரோப்பாவில் அவரிடமிருந்தே வேர்கொண்டது எனலாம்.

வார்ட்ராப் உடன்பிறப்புகள்

புரோசேயின் நூல் அறிஞர்க்கு உரியது. பொதுவாசகர்க்கு ஜார்ஜியாவைக் கொண்டு சென்றவர்கள் ஆலிவர் வார்ட்ராப் (1864-1948), அவர் தங்கை மார்ஜரி வார்ட்ராப் (1869-1909) ஆகிய ஆங்கில உடன்பிறப்புகள். 1887இல் ஜார்ஜியாவிற்குச் சென்று திரும்பிய ஆலிவர், மறு ஆண்டில் 'ஜார்ஜிய அரசு' என்னும் பயணநூலை வெளியிட்டார். அண்ணன் வழியே ஆர்வம் கொண்ட மார்ஜரி, அரிச்சுவடி, நற்செய்தி நூல், அகராதி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு இங்கிலாந்தில் இருந்தவாறே தாமாக ஜார்ஜியம் கற்றார்.

அவர்தம் பணியின் வரிசை கருதத்தக்கது. முதலில் நாட்டுப்புறக் கதைகளை 1894இல் வெளியிட்டார். அடுத்து, தம் காலத்து எழுத்தாளர் இலியா சவ்சவாட்ஸேயின் 'துறவி' என்னும் கவிதை நூலை 1895இல் பெயர்த்தார். பின்னர் ஜார்ஜியாவைக் கிறித்தவமாக்கியவராகப் போற்றப்படும் புனித நினோவின் வாழ்க்கை வரலாற்றை 1900இல் தந்தார். இறுதியாகவே ருஸ்தவேலியின் காப்பியம் அமைந்தது. எளிய பேச்சுவழக்கிலிருந்து தற்கால இலக்கியத்திற்கும், அங்கிருந்து பழைய மொழிக்கும் படிப்படியாகச் சென்ற ஒருவரின் கல்விப் பாதை இது.

அவர் ஜார்ஜியாவிற்கு வந்த காலம், உருசிய அரசு கல்விக்கூடங்களில் ஜார்ஜிய மொழியின் இடத்தைச் சுருக்கிவந்த காலம். 1879இல் தொடங்கப்பட்ட எழுத்தறிவு பரப்பும் கழகத்தின் வழியாகச் சவ்சவாட்ஸே முதலியோர் தம் மொழியைக் காக்க முயன்றுகொண்டிருந்தனர். தம் நாட்டுப் பள்ளிகளிலேயே பின்தள்ளப்பட்ட மொழியை, தொலைநாட்டுப் பெண் ஒருவர் தாமாகக் கற்று மொழிபெயர்த்தமை அவர்களுக்கு அளித்த ஊக்கத்தை உணர்ந்துகொள்ளலாம். சவ்சவாட்ஸேயுடன் மார்ஜரி கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

காப்பிய மொழிபெயர்ப்பை அவர் மீண்டும் மீண்டும் திருத்திவந்தார். 1909இல், நாற்பது வயதில், புக்காரெஸ்ட் நகரில் அவர் மறைந்தபோது அது அச்சேறவில்லை. ஆலிவர் அதனைச் செப்பம் செய்து 1912இல் வெளியிட்டார். தங்கையின் நினைவாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியக் கல்விக்கென நிதியம் ஒன்றையும் நிறுவினார். இருவரும் திரட்டிய நூல்களும் கையெழுத்துப்படிகளும் அங்குள்ள போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆலிவர் 1919இல் தென்காக்கசசுக்கான பிரித்தானிய ஆணையராகத் திபிலிசி சென்று, புதிதாக விடுதலை பெற்ற ஜார்ஜியக் குடியரசுக்கு ஆதரவாக இயங்கினார்.

ஒரு தலைப்பும் அதன் மொழிபெயர்ப்பும்

அறிமுகத்தின் இடர்ப்பாடுகளைக் காப்பியத்தின் தலைப்பே காட்டிவிடும். ஜார்ஜிய மூலத்தில் அது 'வெப்கிஸ்ட்காவோசானி' என்னும் ஒற்றைச் சொல். 'வெப்கி' என்னும் விலங்கின் தோலை அணிந்திருப்பவர் என்பது அதன் பொருள். 'மனிதன்' என்றோ 'வீரன்' என்றோ அதில் சொல் இல்லை. விலங்கின் அடையாளமும் விவாதத்திற்குரியது: தற்கால ஜார்ஜியத்தில் அச்சொல் புலியைக் குறிக்கிறது, பழைய வழக்கில் சிறுத்தையைக் குறித்தது என்பர். 1889இல் ஜெர்மனில் பெயர்த்த ஆர்தர் லைஸ்ட் புலித்தோல் என்றார். மார்ஜரி சிறுத்தைத்தோல் எனப் பொருள்படும் சொல்லைத் தேர்ந்து, 'மனிதன்' என்பதைச் சேர்த்தார். பின்வந்தோர் சிலர் 'வீரன்' என்றும் 'தலைவன்' என்றும் மாற்றினர்.

தமிழில் இதனைச் 'சிறுத்தைத்தோலன்' என ஒரே சொல்லில் ஆக்கிவிட இயலும்; ஆங்கிலத்திற்கு இல்லாத வாய்ப்பு அது. ஆனால் ஜார்ஜியம் சொல்லாது விட்ட பாலைத் தமிழின் விகுதி சொல்லியே தீரும். எந்த மொழிக்குச் சென்றாலும் மூலத்தில் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. எது கூடியது, எது குறைந்தது என்பதை அறிய மூலமொழியைக் கற்றவரே தேவைப்படுகிறார்.

யாப்பிலும் இதே நிலை. 'ஷாய்ரி' எனப்படும் பாவகையில் அமைந்த நான்கடிப் பாடல்கள் ஏறத்தாழ 1,600 கொண்டது இக்காப்பியம். அடிக்குப் பதினாறு அசைகள். நான்கடிக்கும் ஒரே இயைபு. அடிகள் நான்கு நான்காகப் பகுபடும் 'உயர் ஷாய்ரி'யும், ஐந்தும் மூன்றுமாகப் பகுபடும் 'தாழ் ஷாய்ரி'யும் மாறிமாறி வந்து ஓசை வேறுபாட்டைத் தருகின்றன. மார்ஜரி இவ்வோசையைப் போலச் செய்ய முயலவில்லை; சொல்லுக்குச் சொல் நெருங்கிய உரைநடையைத் தேர்ந்தார். பாடலாகப் பெயர்த்த பிற்கால மொழிபெயர்ப்புகள் பல தோன்றிய பின்னரும் பொருள் துல்லியத்திற்காக அவர்தம் உரைநடை நோக்கப்படுகிறது. இயலாததை இயலாதது என ஒப்புக்கொண்டு இயன்றதைச் செம்மையாகச் செய்த நேர்மையே அதன் வலிமை.

சோவியத் காலம்: விழாவும் வன்முறையும்

1921 பிப்ரவரியில் செம்படை திபிலிசியைக் கைப்பற்றியது. அதன்பின் ஜார்ஜியப் பண்பாடு மாஸ்கோ வழியாகவே பெரிதும் வெளியுலகை அடைந்தது. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. 1937இல் ருஸ்தவேலியின் 750ஆம் ஆண்டு விழா ஒன்றியம் முழுவதும் கொண்டாடப்பட்டது. காப்பியம் ஒன்றியத்தின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அதே 1937இல் ஜார்ஜிய எழுத்தாளர்களின் நிலை வேறாக இருந்தது. கவிஞர் பவோலோ யாஷ்விலி ஜூலையில் எழுத்தாளர் சங்கக் கட்டடத்திலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். நாவலாசிரியர் மிகெய்ல் ஜவகிஷ்விலி செப்டம்பரிலும், கவிஞர் திட்சியான் தபிட்ஸே டிசம்பரிலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கவிஞரை உலகிற்கு அறிவித்த அரசு, வாழும் கவிஞர்களை அழித்தது. ஒரு பண்பாட்டின் பழமையைக் காட்சிப்படுத்துவதும் அப்பண்பாட்டை வாழவிடுவதும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இக்கால மொழிபெயர்ப்பு முறையும் நோக்கத்தக்கது. தபிட்ஸே, யாஷ்விலி ஆகியோரின் கவிதைகளைச் சிறப்புற உருசியத்தில் தந்த பாஸ்டர்நாக், ஜார்ஜியம் அறிந்த பிறர் எழுதித் தந்த வரிக்குவரி உரையைக் கொண்டே பெயர்த்தார். பிற மொழிகள் பலவற்றுக்கு அவ்வுருசிய வடிவமே மூலமாயிற்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் முதலியவற்றின் வழியாகத் தமிழுக்கு வந்த நூல்களையும் 'சோவியத் இலக்கியம்' என்ற ஒரே பெயராலேயே தமிழ் வாசகர் அறிந்தனர். பல்வேறு மக்களினங்களின் இலக்கியங்கள் அப்பொதுப்பெயருக்குள் அடங்கின.

பெட்டிகளைக் காத்தவர்

1921 மார்ச்சில் ஜார்ஜிய அரசு பத்தூமித் துறைமுகத்திலிருந்து நாட்டைவிட்டு வெளியேறியபோது, அருங்காட்சியகங்களிலும் மடாலயங்களிலும் இருந்த அரும்பொருள்கள் 39 பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கையெழுத்துப்படிகள், படிமங்கள், பொன்வேலைப்பாடுகள் அடங்கிய அச்செல்வத்தின் பாதுகாவலராக வரலாற்றறிஞர் எக்வ்திமே தக்காய்ஷ்விலி (1863-1953) உடன்சென்றார்.

அப்பெட்டிகள் முதலில் மார்செய் நகரிலும் பின்னர்ப் பாரிசிலும் வைக்கப்பட்டன. பாரிசுக்கு அருகிலுள்ள லவில் என்னும் ஊரில் நாடிழந்த ஜார்ஜியர் குடியேறியிருந்தனர். தக்காய்ஷ்விலி அங்கு வறுமையில் வாழ்ந்தார். மனைவியும் அங்கேயே மறைந்தார். பொருள்களுள் ஒன்றை விற்றிருந்தாலும் அவர்தம் வறுமை நீங்கியிருக்கும். அருங்காட்சியகங்கள் விலைக்குக் கேட்டபோதும், பழைய அரசகுடும்ப வழியினர் வழக்குத் தொடுத்தபோதும் அவர் ஒன்றையும் இழக்க இசையவில்லை. அவை ஜார்ஜிய மக்களுக்கு உரியவை என்பதே அவர் நிலைப்பாடு. 1945இல் அவை முழுமையாக ஜார்ஜியாவிற்குத் திரும்பின. அவரும் உடன் திரும்பினார். தாயகத்தில் அவர்தம் இறுதி ஆண்டுகள் வீட்டுக்காவலில் கழிந்தன. 2002இல் ஜார்ஜியத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தக்காய்ஷ்விலி அயல்நாட்டார்க்கு எதனையும் காட்சிப்படுத்தவில்லை. மாறாக மூடிய பெட்டிகளையே காத்தார். ஆயினும் இன்று திபிலிசி அருங்காட்சியகத்தில் அயல்நாட்டார் காணும் அரும்பொருள்களுள் அப்பெட்டிகளில் இருந்தவையும் அடங்கும். பாதுகாப்பு அறிமுகத்திற்கு முந்திய கடமை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகிறது.

பாரிசிலேயே புலம்பெயர்ந்த காலிஸ்திரத் சாலியாவும் அவர் மனைவி நினோ சாலியாவும் 1948இல் 'பேதி கார்த்லிசா' என்னும் இதழைத் தொடங்கினர். 'ஜார்ஜியாவின் ஊழ்' என்பது அதன் பொருள். நிக்கொலோஸ் பரதாஷ்விலியின் நெடுங்கவிதை ஒன்றின் பெயரும் அதுவே. தொடக்கத்தில் ஜார்ஜிய மொழியில், புலம்பெயர்ந்தோர்க்கென வெளிவந்த அவ்விதழ் பின்னர்ப் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்கிய ஆய்விதழாக மாறியது. இம்மாற்றமே அதன் வெற்றி. தம்மவர்க்குள் பேசிக்கொள்ளும் ஏக்கத்தின் குரலாக நின்றிருந்தால் அத்தலைமுறையோடு அது முடிந்திருக்கும். அயல்நாட்டு அறிஞர் எழுதும் களமாக்கியதால் 1984 வரை நீடித்தது. அதன்பின்னும் வேறு பெயரில் தொடர்ந்தது. இலண்டனில் லாங் ஆற்றிய பணியும், ஜார்ஜிய இலக்கிய வரலாற்றை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய டொனால்ட் ரேஃபீல்டின் பணியும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கவை.

பன்னாட்டு ஏற்பும் அதன் எல்லையும்

1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டில் 'சக்ருலோ' என்னும் ஜார்ஜியப் பல்குரல் பாடல் இடம்பெற்றது. கிழக்குப் பகுதியான ககேத்தியின் மரபில், நீண்டொலிக்கும் அடிக்குரலின்மீது இரு தனிக்குரல்கள் மாறிமாறி எழும் அமைப்புடையது அது. பூமியின் இசைக்குச் சான்றாக அப்பாடல் சென்றது. ஆனால் தட்டின் பட்டியலில் அது சோவியத் ஜார்ஜியக் குடியரசின் பாடலாகவும் மாஸ்கோ வானொலி தொகுத்ததாகவும் குறிக்கப்பட்டது.

1991இல் விடுதலை மீண்டபின் ஜார்ஜியா தன் பெயரிலேயே பன்னாட்டு ஏற்பை நாடியது. பல்குரலிசையை யுனெஸ்கோ 2001இல் அறிவித்து 2008இல் பட்டியலில் சேர்த்தது. மண்ணில் புதைத்த 'க்வெவ்ரி' என்னும் பெருந்தாழியில் திராட்சைச் சாற்றைத் தோலுடனும் விதையுடனும் நொதிக்கவைக்கும் மதுவாக்க மரபு 2013இலும், மூவகை எழுத்துகளின் வாழும் பண்பாடு 2016இலும் இடம்பெற்றன. 2018இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் சிறப்பு விருந்தினர் நாடாக ஜார்ஜியா பங்கேற்றது. அதனையொட்டி ஜார்ஜிய நூல்கள் பல ஜெர்மனில் பெயர்க்கப்பட்டன.

இவ்வேற்பு நிபந்தனைகளையும் கொண்டது என்பதைக் குத்தாய்சி நகரின் பக்ராதிப் பேராலயம் காட்டுகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, 1692இல் உதுமானியரால் தகர்க்கப்பட்ட அப்பேராலயம், கெலாத்தி மடாலயத்துடன் சேர்த்து 1994இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. இடிபாடாக நிற்பதை முழுமையான ஆலயமாகக் காண விரும்பிய அரசு, புதிய பொருள்களால் அதனை மீளக்கட்டி 2012இல் முடித்தது. மூலத்தின் மெய்ம்மை சிதைந்தது எனக் கருதிய யுனெஸ்கோ 2017இல் பக்ராதியைப் பட்டியலிலிருந்து விலக்கி, கெலாத்தியை மட்டும் தக்கவைத்தது. வழிபடுவோர்க்கு அது மீண்டும் கூரையுள்ள ஆலயமானது. ஆய்வாளர்க்கு ஒரு சான்று குறைந்தது. இருதரப்பின் வாதத்திலும் பொருள் உண்டு.

பட்டியல்களில் அடங்காதவையும் உள. 18ஆம் நூற்றாண்டில் திபிலிசியில் வாழ்ந்த சயாத்-நோவா ஆர்மீனியம், ஜார்ஜியம், அசர்பைஜானியம் ஆகிய மும்மொழிகளிலும் பாடினார். அத்தகைய பன்மொழி நகர வாழ்வு, 'தொன்மையான எழுத்து, தொன்மையான மது, தொன்மையான இசை' என்னும் சுருக்கமான அறிமுகத்தில் இடம்பெறுவதில்லை.

இந்தியத் தொடர்புகள்

ருஸ்தவேலியின் காப்பியத்தில் சிறுத்தைத்தோல் அணிந்த தாரியேல் இந்திய இளவரசன். அவன் தேடி அலையும் நெஸ்தான்-தரேஜான் இந்திய மன்னனின் மகள். அவனுக்குத் துணைநிற்கும் அவ்தாந்தில் அரபுப் படைத்தலைவன். இவ்விந்தியா கவிஞரின் கற்பனை நிலமேயாயினும், தம் மக்களின் தலைசிறந்த காப்பியத்திற்கு அயல்நாட்டாரையே தலைமக்களாக்கியமை அவர்தம் நோக்கின் விரிவைக் காட்டுகிறது.

மெய்யான தொடர்பு கோவாவில் உள்ளது. தெய்முராஸ் மன்னரின் தாயான கெத்தெவான் அரசி, மதம் மாற மறுத்தமையால் 1624இல் ஷிராஸ் நகரில் ஷா அப்பாசின் ஆணைப்படி கொல்லப்பட்டார். அகஸ்தினியத் துறவிகள் அவர்தம் எச்சங்களின் ஒரு பகுதியைப் பழைய கோவாவிலிருந்த தம் ஆலயத்திற்குக் கொணர்ந்தனர். இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வில் கிடைத்த எலும்புகள் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. ஆய்வு முடிவு மரபுச் செய்திக்கு அரண் செய்தது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் அவற்றின் ஒரு பகுதியைத் திபிலிசியில் ஒப்படைத்தார்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஜார்ஜியாவைப் பற்றிய நிலைத்த அறிவு மூலமொழியைக் கற்றவர்களிடமிருந்தே பிறந்தது. புரோசே, மார்ஜரி வார்ட்ராப், லாங், ரேஃபீல்ட் ஆகியோர் நாடு, காலம், நோக்கம் ஆகியவற்றால் வேறுபட்டவர்கள். ஜார்ஜியம் கற்றனர் என்பதே அவர்களுக்குரிய பொதுமை.

இரண்டாவது, அறிமுகத்திற்கு முன்பாக மூலச்சான்றின் பாதுகாப்பு தேவை. தக்காய்ஷ்விலியின் பெட்டிகளும் பக்ராதியின் புதிய சுவர்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து இவ்வுண்மையை உணர்த்துகின்றன.

மூன்றாவது, அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் தரும் ஏற்பு பரவலான கவனத்தை ஈர்க்கிறது. ஆனால் அது பண்பாட்டைச் சில சின்னங்களாகச் சுருக்கவும் செய்கிறது. 1937இன் அனுபவம் காட்டுவதுபோல், விழா எடுப்பவர் நலம் நாடுபவராகவே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

தமிழைப் பொறுத்தவரை, இடைமொழிகளின் வழியாக அன்றி ஜார்ஜிய மூலத்திலிருந்தே பெயர்க்கவல்லார் உருவாதல் இத்துறையின் தேவையாகும். அரிச்சுவடி, நற்செய்தி நூல், அகராதி என்னும் மூன்றைக் கொண்டு ஒருவர் தொடங்கிய பணி ஒரு காப்பியத்தை உலகிற்குத் தந்தது. அம்மூன்றிலும் மிகுதியான கருவிகள் இன்று கிட்டுகின்றன. புத்தரின் கதையை ஏற்றுக் கிரேக்கத்திற்கு வழங்கிய மொழியைத் தமிழ் நேராகக் கற்பதற்கு உரிய காரணங்களும் உள்ளன.